வெளிய போகணும்

அந்தக் கூடைய மட்டும் காலால தள்ளிராதீங்க தாயி. உள்ள கண்ணாடிப் பாட்டில் இருக்கு. விளக்கெண்ணெ. கடையில விக்கிற தண்ணி இல்ல, நானே ஆமணக்கு முத்த வறுத்து இடிச்சுக் காய்ச்சுனது. அது ஒடஞ்சா இந்த பஸ்ல ஏறுற அம்புட்டுப் பேரும் வழுக்கி விழுவாக. சிரிக்காதீங்க, நெசமாத்தான். இந்தா, என் மடியிலயே வச்சுக்கிறேன். நீங்க சன்னலோரமா நல்லா உக்காருங்க.

மதுரைக்கா? நான் திருமங்கலத்துல இறங்கிருவேன். மக வீடு. ஒரே மக எனக்கு, மாரிச்செல்வி. முழுகாம இருக்கா. வளைகாப்புகூட முடிஞ்சிருச்சு. எனக்குச் சொல்லல. சம்பந்தியம்மாதான் பெறகு போன் போட்டு, "கோவிச்சுக்கிராதீக மதினி, அவ சொல்லக் கூடாதுன்னுட்டா"ன்னாக. பெத்தவ இல்லாம ஒரு வளைகாப்பு. எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அவுக அப்பா போனதுலருந்து அவளுக்கு என்மேல கோவம். பேச்சு வார்த்தை கிடையாது. சரி, அத விடுங்க. அது தன்னால சரியாயிரும். இன்னைக்கோட சரியாயிரும்.

ஏன்னா இப்ப அவளுக்கு வயிறு கட்டிருச்சு. புள்ளத்தாச்சிக்குச் சத்து மாத்திரை குடுக்காகல்ல, அத முழுங்குனா யாருக்கும் கட்டத்தான் செய்யும். கல்லு மாதிரி ஆயிரும். டாக்டரம்மா ஏதோ ஒரு மருந்து எழுதிக் குடுத்து, தண்ணி நிறையக் குடி, கீரை தின்னு, அப்பவும் முடியலன்னா என்கிட்ட வா, வீட்டுல யாரு என்ன குடுத்தாலும் வாங்கித் திங்காதன்னு சொல்லி அனுப்பிருக்கா. யாரு என்ன குடுத்தாலும்னா? அது என்னையத்தானே சொல்றது? நான் யாருன்னே அந்தப் பொம்பளைக்குத் தெரியாது. இவதான் ஏதாச்சும் சொல்லிருப்பா.

சம்பந்தியம்மா நேத்து ரகசியமாக் கூப்பிட்டாக. மருமகப் புள்ள லாரியில ஆந்திரா பக்கம் போயிருக்கு. "மதினி, கக்கூசுக்குள்ள உக்காந்துக்கிட்டு அழுகுறா. கேக்கச் சகிக்கல. உங்களுக்குத்தான் கைராசிம்பாகளே, ஏதாச்சும் கொண்டாந்து குடுங்க. நான் கூப்பிட்டதா மட்டும் சொல்லிராதீக"ன்னாக. எனக்கு அழுகையே வந்துருச்சு தாயி. கடைசியில அம்மா கைதான வேண்டியிருக்கு!

எங்க ஊருல இறங்கி குருவம்மா வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க. "யாரு, விளக்கெண்ணெக் குருவம்மாவா"ன்னு கேப்பாக. கேலியாத்தான் கேப்பாக. ஆனா வயிறு கட்டுனா அவுகளேதான் என் வீட்டுக் கதவத் தட்டுவாக. கைப்புள்ளைகளுக்கு வெத்தலக் காம்புல எண்ணெயத் தொட்டு வச்சா, நான் கைய எடுக்கிறதுக்கு முன்னாடி மடி நனைஞ்சிரும். ஒரு மாப்பிள்ளை, முகூர்த்தத்துக்கு முந்தின நாளு பொரோட்டாவாத் தின்னுட்டு, பட்டு வேட்டியோட நெளிஞ்சுக்கிட்டு நின்னான். ஒரு டம்ளர் கடுக்காத் தண்ணி குடுத்தேன். தாலி கட்டுற வரைக்கும் ரெண்டு தடவ மணவறையில இருந்து எந்திரிச்சு ஓடுனான். பொண்ணு வீட்டுக்காரவுக பயந்தே போயிட்டாக, பயலுக்கு இஷ்டமில்ல போலன்னு. என் கை பட்டா எளகும் தாயி. அது ஒரு வரம்.

எங்க வீட்டுக்காரவுக பஸ் டிரைவர். இதே மாதிரி ரோட்டுல ஓட்டுனவுகதான். சீட்டுலயே உக்காந்து உக்காந்து, வந்தாலும் அடக்கி அடக்கி வச்சு, கல்யாணம் ஆன நாள்லயே அவுகளுக்கு அந்தத் தொந்தரவு உண்டு. நான் வந்துதான் சரி பண்ணேன். காலையில எந்திரிச்சதும் நான் கேக்கிற மொதக் கேள்வி, "வெளிய போனீகளா?" எங்க வீட்டுல அதுக்கு அந்த ஒரு வார்த்தைதான். காட்டுக்குப் போன காலத்துலருந்து வந்த பழக்கம். கக்கூச வீட்டுக்குள்ள கட்டுன பெறகும் அதேதான். உள்ள போறதுக்கு வெளிய போறேம்பாக. செல்வி சின்னதுல அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

வெளிய போகலன்னு சொல்லிட்டாகன்னு வைங்க, அன்னைக்கு அவுகளுக்கு விடுதலை கிடையாது. வெந்நி, ஊற வச்ச திராட்சை, அதுக்கு மேல விளக்கெண்ணெ. "வாயத் தெறங்க"ன்னா தெறப்பாக. மறுபேச்சு கிடையாது. இத்தன வருசத்துல ஒரு இங்கிலீஷ் மாத்திரை அவுக நாக்குல பட விட்டதில்ல நான். எப்பவோ ஒரு தடவ, "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துருவமா குருவு"ன்னாக. நான் அப்படியே சோத்துத் தட்டத் தள்ளி வச்சுட்டேன். அவுக வந்து கெஞ்சுற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படல. என் கைய நம்பாத வீட்டுல எனக்கு எதுக்குச் சோறு? அதுலருந்து அந்த வார்த்தையே அவுக வாயில வந்தது கிடையாது. தங்கமான மனுசன்.

போன ஆடியிலதான் ஆரம்பிச்சது. வேலைய விட்டு வீட்டுல இருந்தாக அப்ப. காலையில கேட்டேன், "வெளிய போனீகளா?" இல்லன்னாக. மறுநாளும் இல்ல. வழக்கம்போல விளக்கெண்ணெ குடுத்தேன். எப்பவும் கேக்கும், அன்னைக்குக் கேக்கல. தொப்புள்ள தடவி விட்டேன். கடுக்காய் குடுத்தேன். நிலாவரை இலைய இடிச்சு வெந்நியில கலக்கிக் குடுத்தேன். ம்ஹூம். சோப்பச் சீவி வச்சேன், அவுகளுக்கு வெக்கம், சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக. அதுக்கும் அசையல. காத்துகூடப் பிரியல தாயி. வயிறு தவுலு மாதிரி விம்மி நிக்குது. தட்டுனா டம்முனு கேக்குது.

எனக்கு ஒரு வெறி வந்துருச்சு. யாருக்கெல்லாமோ எளக்கி விட்ட கை, சொந்தப் புருசனுக்கு எளக்கலன்னா தெருவுல என்ன பேசுவாக? எதுத்த வீட்டு அந்தோணி, ஆட்டோ ஓட்டுறவன், வாசல்ல வந்து நின்னு, "மதினி, அண்ணனுக்கு மூஞ்சி கருத்துப்போய்க் கிடக்கு, வண்டிய எடுக்கவா"ன்னான். "உன் வண்டிக்கு வேற சவாரி கிடைக்கலையா"ன்னு கேட்டேன். தலையத் தொங்கப் போட்டுட்டுப் போயிட்டான். பாவம், நல்ல பயதான். ஆனா நம்ம வீட்டு வயித்துக்குள்ள அவனுக்கு என்ன வேல?

பெறகு வாந்தி எடுத்தாக. பச்சையா. நான் சந்தோசப்பட்டேன். பித்தம் கழியுது, மருந்து வேல செய்யுதுன்னு. அடுத்து வந்தது வேற மாதிரி, ஒரு நாத்தம், சொல்ல முடியாது. கீழ வர வேண்டியது மேல வருதேன்னு நெனச்சேன். அப்ப மருந்து பத்தல, கீழ தள்ளுற மாதிரி இன்னும் வேகமாக் குடுக்கணும்னு எனக்குத் தோணிருச்சு. நீங்க சொல்லுங்க, யாருக்கும் அப்படித்தான தோணும்?

இருங்க, போன் அடிக்குது. இந்தக் கூடையக் கொஞ்சம் பிடிங்க தாயி, இடுப்புல சொருகி வச்சிருக்கேன்.

செல்வி.

என் மக கூப்பிடுறா! பாருங்க, அவ போட்டோ வருது பாருங்க. அப்பா போனதுலருந்து கூப்பிட்டதே இல்ல தாயி. ஒரு தடவகூட இல்ல.

இல்ல, எடுக்க மாட்டேன். எடுத்தா வராதம்பா. எப்படியோ தெரிஞ்சு போச்சு போல. முடியாத நேரத்துல புள்ளைக அப்படித்தான் பேசும், நாமதான் காதுல போட்டுக்கிறக் கூடாது. அடிக்கட்டும். கூப்பிடுறாளே, எனக்கு அதுவே போதும்.

நின்னுருச்சு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். அன்னைக்குச் சாயங்காலம் அவுக என் கையப் பிடிச்சுக்கிட்டு, "குருவு, வெளிய போகணும்"னாக. எனக்கு உசிரு வந்துச்சு. எம்பெருமானேன்னு எந்திரிச்சு, தோள்ல கையப் போட்டு, மெதுவா நடத்திக் கக்கூசுல கொண்டு போய் உக்கார வச்சேன். வெளியில நின்னு, "முக்குங்க, முக்குங்க"ன்னு சொல்லிக்கிட்டே நின்னேன். உள்ள சத்தமே இல்ல. கதவத் தெறந்து பாத்தா, சுவத்துல தலையச் சாச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டிருக்காக. "அது இல்ல"ன்னாக. "எது இல்ல, இன்னும் வரலையா"ன்னேன். கூட்டிட்டு வந்து படுக்க வச்சேன்.

மறுபடி கொஞ்ச நேரத்துல, "வெளிய கூட்டிட்டுப் போ குருவு." மறுபடி கக்கூசு. மறுபடி ஒண்ணுமில்ல. இப்படியே. கேப்பாக, நான் கூட்டிட்டுப் போவேன், உக்கார வைப்பேன், ஒண்ணும் வராது. எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு. ஒரு கட்டத்துல நானே கோவப்பட்டு, "வராதத வருது வருதுன்னு ஏன் என்னையப் பாடாப்படுத்துறீக"ன்னு கத்திட்டேன். அவுக கண்ணுல தண்ணி வந்துருச்சு. வலி போல.

மறுநாக் காலையில நான் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிட்டு வர்றேன், அவுக கட்டில்ல இல்ல. வாசப்படிகிட்ட நிக்காக. எப்படித்தான் எந்திரிச்சாகளோ தெரியல. வெள்ளச் சட்டை போட்டிருக்காக தாயி. கல்யாணம் காட்சிக்குப் போடுற சட்டை. பொத்தான் மேலயும் கீழயுமா மாட்டிருக்கு. செருப்ப ஒத்தக் கால்ல மாட்டிட்டாக, இன்னொண்ணத் தேடிக் காலு அலையுது. நிலையப் பிடிச்சுக்கிட்டு எதுத்தாப்புல அந்தோணி ஆட்டோவப் பாத்துக்கிட்டே, "வெளிய போகணும், வெளிய போகணும்"ங்காக.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கக்கூசுக்குப் போறதுக்கு வெள்ளச் சட்டையான்னேன். வலியில புத்தி தடுமாறிப் போச்சு, பாவம், உள்ள போறதா வெளிய போறதான்னே தெரியல. சட்டையக் கழட்டுனேன். அழுக்காயிருமேன்னு மடிச்சுப் பெட்டியில வச்சேன். செருப்பக் கழட்டுனேன். கதவச் சாத்திட்டு, உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சேன். அதுக்குப் பெறகு அவுக வெளிய போகணும்னு கேக்கவே இல்ல. எதுவுமே கேக்கல.

அப்பத்தான் நேர்வாளங்கொட்டையக் குடுத்தேன். கேள்விப்பட்டிருப்பீங்க, பேதிக்கொட்டைம்பாக. அத வாங்கத்தான் கடைக்குப் போயிருந்தேன். லேசுல குடுக்க மாட்டான் கடைக்காரன். பக்குவம் பண்ணாமக் குடுத்தா விஷம், உனக்கு எதுக்கும்மா இந்த வேலன்னு பயமுறுத்துவான். எனக்குப் பக்குவம் தெரியும். அம்புட்டுப் பேருக்கும் குடுக்கிறதில்ல, எதுக்கும் அசையாத வயித்துக்கு மட்டும்தான். "வாயத் தெறங்க"ன்னேன். தெறந்தாக. அந்த நேரத்துலயும் தெறந்தாக தாயி. என் கை மேல அம்புட்டு நம்பிக்கை!

பெறகு வயிறு உருண்டுச்சு பாருங்க, பாம்பு மேல துணி போத்துனா அசையுமே, அப்படி அசையுது. வேல செய்யுது வேல செய்யுதுன்னு நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். திடீர்னு ஒரு சத்தம் போட்டாக. அப்படி ஒரு சத்தம் அவுக தொண்டையில நான் கேட்டதில்ல. அதுக்குப் பெறகு வலியே இல்லாத மாதிரி அமைதியாயிட்டாக. வேர்த்து, கையும் காலும் சில்லுனு ஆயிருச்சு. நல்லாயிருச்சுன்னு நெனச்சு நான் கஞ்சி வைக்கப் போயிட்டேன். அந்தோணிதான் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடி வந்தவன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவுகளத் தூக்கி வண்டியில போட்டான்.

அந்த வண்டியிலதான் தாயி, போற வழியில, வெளிய வந்துருச்சு. அம்புட்டும் வந்துருச்சு. என் மடியெல்லாம். "எளகிருச்சு! அந்தோணி, எளகிருச்சுடா, வண்டியத் திருப்பு"ன்னு கத்துனேன். அவன் திரும்பிப் பாத்தான். வண்டியத் திருப்பல. அழுதுக்கிட்டே ஓட்டுனான். எதுக்கு அழுதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. என் மருந்து கேட்டுருச்சு. கொஞ்சம் தாமதமாக் கேட்டுச்சு, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பய டாக்டரு. குடல் முறுக்கிருந்திருக்கு, மேல மேல பேதி மருந்து குடுத்ததுல ஓட்டை விழுந்துருச்சு, மொத நாளே கூட்டிட்டு வந்திருந்தாக் காப்பாத்திருக்கலாம், என்ன குடுத்தீங்கன்னு கேட்டான். சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன், எனக்கு என்ன ஒளிவு மறைவு? கேட்டுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தான். அவன் பாத்தா எனக்கென்ன? என் கையில இருந்த வரைக்கும் அவுகளுக்கு உசிரு இருந்துச்சு. அவன் கையில குடுத்த பெறகுதான் போச்சு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

செல்வி வந்தா. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவா, என்னையக் கட்டிப் பிடிப்பான்னு பாத்தேன். அழுகல. அந்தோணிகிட்ட என்னமோ ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தா. பெறகு என் முன்னால வந்து உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அப்பா எதுக்கும்மா வெள்ளச் சட்டை போட்டாரு?"

அப்பன் செத்துக் கிடக்காக, இவ சட்டையப் பத்திக் கேக்கா. "வெளிய போறதுக்குத்தான்டி"ன்னேன். அதுக்கு என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. "கக்கூசுக்குப் போறவரு செருப்பு மாட்டுவாராம்மா?"ன்னா. அவுகளுக்குப் புத்தி தடுமாறிருச்சுன்னு சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டா. கடைசிக் காரியம் முடிஞ்சதும் அந்த வெள்ளச் சட்டைய மட்டும் எடுத்துட்டுப் போனா. அதோட சரி. இன்னைக்கு வரைக்கும் அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல. படிச்ச புள்ளைக, ஏதாச்சும் ஒண்ணச் சொல்லிக்கிட்டே இருக்கும்.

ஏன் தாயி, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? பஸ் ஒத்துக்கலையா? எலுமிச்சம்பழம் தரவா?

கூடையிலயா? விளக்கெண்ணெ இருக்கு, திராட்சை இருக்கு. அந்தப் பேப்பர்ப் பொட்டலம்... ஆமா, அதேதான். விளக்கெண்ணெய்க்குக் கேக்கலன்னா என்ன பண்றது? கையில இருக்கட்டும்னு வாங்குனேன். கடைக்காரன் யாருக்குன்னு கேட்டான். எனக்குத்தான்னு சொல்லிட்டேன். புள்ளத்தாச்சிக்குன்னா குடுக்க மாட்டான், பயந்தாங்கொள்ளி. துளியூண்டு போதும். புள்ளைய விட்டுட்டு மலத்த மட்டும் இறக்க எனக்குத் தெரியாதா? நீங்களும் அந்த டாக்டரம்மா மாதிரியே பேசுறீங்களே. பெத்த வயிறு தாயி, எனக்கில்லாத அக்கறையா?

இன்னைக்கு மட்டும் அவளுக்கு எளகட்டும். "அம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிருவா. அது போதும் எனக்கு. அந்த வீட்டுல தனியா உக்காந்து சாப்பிட முடியல தாயி. காலையில எந்திரிச்சு, வெளிய போனீகளான்னு வாய் தன்னால கேட்டுருது. கேட்டுட்டு அந்தக் கட்டிலையே பாத்துக்கிட்டு நிப்பேன்.

கள்ளிக்குடி தாண்டிருச்சா? அப்ப வந்துருச்சு.

மறுபடி போனு. இது சம்பந்தியம்மா. அலோ. ஆமா மதினி, பக்கத்துல வந்துட்டேன். என்னது? சொல்லிட்டீகளா? அவகிட்ட எதுக்குச் சொன்னீக? சரி, விடுங்க, விடுங்க. இப்ப என்ன பண்றா? ம். ம். இருங்க மதினி, ஒரு நிமிசம்.

கேட்டீங்களா தாயி? நான் வர்றேன்னு தெரிஞ்சதும் எந்திரிச்சு முகத்தக் கழுவி, நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்கிட்டாளாம். செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாளாம். வயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "என்னைய விடுங்க அத்த, நான் வெளிய போகணும், வெளிய போகணும்"னு அழுகுறாளாம். அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கா! அதே வார்த்தை. அதே மாதிரி உடுத்தி முடிச்சுக்கிட்டு.

அலோ, மதினி. பயப்படாதீக. அவுக அப்பாவும் இப்படித்தான் பண்ணாக. முட்டிக்கிட்டு நிக்குது, அதான் நிலைகொள்ளல. உள்ள கூட்டிட்டுப் போங்க. செருப்பக் கழட்டுங்க. வாசக் கதவச் சாத்திக் கொண்டியப் போட்டு வைங்க. இந்தா, இறங்கப் போறேன்.

கண்டக்டர் தம்பி, திருமங்கலம் ஒரு ஆளு இறங்கணும், நிறுத்துப்பா!

வர்றேன் தாயி. பேச்சுத் துணையா வந்தீங்க, வழி போனதே தெரியல. அந்தக் கூடையக் குடுங்க.

குடுங்க தாயி. பஸ் நின்னுருச்சு.

என்ன, பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க? இதென்ன கூத்தா இருக்கு, விடுங்க. கண்டக்டர் தம்பி, இங்க பாருப்பா. கூடைய விடுங்க தாயி. என் மக வெளிய போகணும்னு நிக்கிறா.